அதிர்வின் இரண்டாவது சாட்சி

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகளின் வானொலிக் கருவிகளுக்காகக் கோடிக்கணக்கில் குவார்ட்ஸ் தகடுகள் அறுத்துத் தேய்க்கப்பட்டன. மூலக்கல் பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வந்தது. ஒவ்வொரு தகடும் தனக்கு விதித்த அதிர்வெண்ணில் மட்டுமே துடிக்க வேண்டும். அதை நம்பித்தான் டாங்கியும் விமானமும் ஒன்றோடொன்று பேசின. பட்டறையில் அளவு சரியாக இருந்த தகடுகள் சில மாதங்கள் பெட்டிக்குள் கிடந்த பிறகு அதிர்வெண் நழுவி நின்றன. காரணம் பிற்பாடுதான் பிடிபட்டது. தேய்ப்புப்பொடி மேற்பரப்பில் ஏற்படுத்திய சேதத்துக்குள் ஈரம் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் கல் உதிர்ந்துகொண்டிருந்தது. உதிர்ந்த அளவுக்குத் தகடு இலேசாகி அதிர்வெண் மேலேறியது. கடைசிக் கட்டத்தில் தேய்ப்பதை விட்டுவிட்டு வேதிக் கரைசலால் அரித்தெடுக்கத் தொடங்கியதும் நோய் தீர்ந்தது. வானொலி ஆர்வலர்கள் இதற்கு நேரெதிரான வித்தையைக் கையாண்டார்கள்: அதிர்வெண்ணைக் கொஞ்சம் இறக்க வேண்டுமானால் தகட்டின் மேல் பென்சிலால் கோடு போடுவார்கள், ஏற்ற வேண்டுமானால் கோட்டை அழித்துவிடுவார்கள். மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பியதும் சுருதி இறங்குகிறதல்லவா, அதே இயற்பியல்தான். ஒரு பென்சில் கோட்டின் எடையைக்கூட அந்தக் கல் உணர்ந்தது. அப்போது அது யாருக்கும் தராசாகத் தோன்றவில்லை, தொல்லையாகத்தான் தோன்றியது.

உயிர்மூலக்கூறுகளைக் கண்டறியும் நுண்ணதிர்வு உணரிகளின் கதையை இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இந்த வரலாறு பெரும்பாலும் எடையின் ஏணியாகவே சொல்லப்படுகிறது. நானோகிராம், ஃபெம்டோகிராம், ஆட்டோகிராம், ஜெப்டோகிராம், யோக்டோகிராம் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கருவி சிறுக்கச் சிறுக்க உணர்திறன் பெருகியது என்பது அந்தக் கதை. படிகள் உண்மைதான். ஆனால், இரத்தத்தில் கலந்து கிடக்கும் ஒரு புரதத்தை அடையாளம் காணும் திறன் அந்த ஏணி வழியாக வந்துவிடவில்லை என்பதே என் வாதம். அதிரும் பொருள் ஆரம்பத்திலிருந்தே மிகக் கூர்மையானது. அதன் குறை மந்தம் அல்ல. எதையும் பிரித்துச் சொல்லத் தெரியாமை. எடை, வெப்பம், ஈரம், திரவத்தின் பாகுநிலை, மேற்பரப்பின் இறுக்கம் என எல்லாவற்றுக்கும் அது ஒரே ஒரு எண்ணைத்தான் பதிலாகத் தருகிறது. உணர்திறன் உண்மையாக உயர்ந்த கட்டங்களைப் பார்த்தால், அந்த ஒற்றை எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு அளவீட்டை, ஒரு சாட்சியைப் போல, யாரோ நிறுத்தியிருப்பது தெரியும்.

குவார்ட்ஸை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்பதை ஜாக் கியூரியும் பியேர் கியூரியும் 1880இல் பாரிசில் கண்டறிந்தார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருத்திரியும் என்ற மறுதலை அடுத்த ஆண்டே உறுதியானது. 1920களின் தொடக்கத்தில் வால்ட்டர் கேடி இதைக்கொண்டு நிலையான மின்னலையியற்றியை அமைத்தார். நம் கதைக்கு முக்கியமானது 1934. பெல் ஆய்வகத்தார் படிகத்தை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சாய்த்து அறுத்தால், அறைவெப்பத்தையொட்டிய எல்லைக்குள் வெப்பம் மாறினாலும் அதிர்வெண் அனேகமாக அசையாது என்று கண்டார்கள். ஏ.டி. வெட்டு என்ற பெயரில் இன்றும் வழங்குவது இதுதான். தகட்டைச் சிறிதாக்கவில்லை, கூராக்கவில்லை. அது கேட்டுக்கொண்டிருந்த பல செய்திகளில் ஒன்றை அணைத்தார்கள், அவ்வளவே. இந்த வெட்டு இல்லாமல் பின்னால் வந்த எடைக்கணக்கு எதுவும் நம்பத்தக்கதாக இருந்திருக்காது.

பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குண்ட்டர் சாவர்ப்ரே 1959இல் வெளியிட்ட கட்டுரைதான் தொல்லையைத் தராசாக்கியது. மெல்லிய, விறைப்பான, சீராகப் பரவிய படலம் தகட்டின் மேல் ஒட்டினால், அதிர்வெண் குறைவு படலத்தின் எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அவர் கண்ட உறவு. 5 மெகாஹெர்ட்ஸில் அதிரும், ஏறத்தாழ 0.33 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட தகட்டில் ஒரு ஹெர்ட்ஸ் குறைவு என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம். நல்ல வேதியியல் தராசுக்கும் எட்டாத எடை இது. அதை உயிர்மூலக்கூறின் கணக்கில் வைத்துப் பார்த்தால் வேறு உண்மை தெரியும். நம் இரத்தத்தில் சாதாரணமாகக் காணப்படும் ஒரு எதிர்ப்பொருள் மூலக்கூறு சுமார் ஒன்றரை லட்சம் டால்டன், அதாவது ஒரு கிராமை நூறு கோடி கோடியாகப் பங்கிட்டு, வரும் பங்கிலும் நானூற்றில் ஒரு பகுதி என்று சொல்வதைவிட, 250 ஜெப்டோகிராம் என்பது எளிது. ஒரு ஹெர்ட்ஸ் மாற வேண்டுமானால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7,000 கோடி மூலக்கூறுகள் வந்து ஒட்டவேண்டும். தகடு மெலிந்தால் அதிர்வெண் கூடும்; அதிர்வெண் இரட்டித்தால் உணர்திறன் நான்கு மடங்காகும். ஆனால் 30 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் தகட்டின் தடிமன் 55 மைக்ரோமீட்டராகிவிடும், கையாளும்போதே உடையும். சிறிதாக்கும் ஆசை அங்கேயே முளைத்துவிட்டது.

அதற்குள் வேறொரு கேள்வி முன்னுக்கு வந்தது: ஒட்டியது எது? 1964இல் எஸ்ஸோ ஆய்வு நிறுவனத்தின் வில்லியம் கிங், தகட்டின் மேல் தேர்ந்தெடுத்த பூச்சு ஒன்றைத் தடவி, அந்தப் பூச்சு விரும்பி ஏற்கும் வாயுவை மட்டும் எடைபோட்டுக் காட்டினார். 1972இல் ஷான்ஸ், டார்மன், நஜாரியன் ஆகிய மூவரும் அந்தப் பூச்சின் இடத்தில் ஒரு புரதத்தை வைத்து, அதற்கே உரிய எதிர்ப்பொருளைப் பிடித்தார்கள். அளந்த முறை எளியது. தகட்டைக் கரைசலில் தோய்ப்பது, கழுவுவது, உலர்த்துவது, பிறகு காற்றில் அதிரவிட்டு அதிர்வெண்ணைப் படிப்பது. உலரும்போது படியும் உப்பும் எடைதான், போகாத ஈரமும் எடைதான் என்பதால் முடிவில் நிறையத் தடுமாற்றம் இருந்தது. பூசாத தகடு ஒன்றையும் பக்கத்தில் ஓட்டி, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்தத் துறையில் ஊன்றியது இத்தகைய தடுமாற்றங்களால்தான்.

திரவத்தில் மூழ்கிய தகடு அதிராது, அமுங்கி நின்றுவிடும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் நோமுராவும் சகாக்களும், அமெரிக்காவில் வேறு சிலரும், ஒரு பக்கம் மட்டும் நனையும்படி வைத்தால் அதிரும் என்று செய்து காட்டினார்கள். 1985இல் கனசாவா, கோர்டன் இருவரும் ஐபிஎம் ஆய்வகத்திலிருந்து அதற்குக் கணக்கு எழுதினார்கள். தகடு பக்கவாட்டில் அசையும்போது அதையொட்டிய நீர் கால் மைக்ரோமீட்டர் உயரத்துக்குத் தானும் அசைகிறது. அந்த நீரின் அடர்த்தியையும் பாகுநிலையையும் சேர்த்துப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், அதிர்வெண் இறக்கம் அதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். 5 மெகாஹெர்ட்ஸ் தகட்டுக்குத் தண்ணீர் தரும் இறக்கம் ஏறத்தாழ 700 ஹெர்ட்ஸ். அதன் மேல் முழுதாகப் பரவிய ஒரு புரதப் படலம் தருவதோ சில பத்து ஹெர்ட்ஸ்தான். தண்ணீரின் பாகுநிலை வெப்பத்தோடு மாறும் என்பதால், ஏ.டி. வெட்டு அணைத்துவைத்த வெப்பநிலை நீரின் வழியாக மறுபடி உள்ளே வந்துவிட்டது.

இங்கேதான் கோதன்பர்க்கின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ரோடால், ஃப்ரெட்ரிக் ஹூக், பெங்ட் காசெமோ ஆகியோர் 1990களின் நடுவில் செய்த வேலை எனக்கு இந்த வரலாற்றின் நடுத்தூணாகத் தெரிகிறது. அதிர்வை ஊட்டும் மின்சாரத்தைச் சட்டென நிறுத்திவிட்டு, தகடு எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதையும் பதிவு செய்தார்கள். விறைப்பான படலம் என்றால் அதிர்வு நெடுநேரம் நிற்கும். கொழகொழப்பான, நீர் பொதிந்த படலம் என்றால் விரைவில் தேயும். அதிர்வெண் ஓர் எண், தேய்வு இன்னோர் எண். இரண்டும் சேர்ந்தால் என்ன தெரியவரும் என்பதற்கு 1998இல் கெல்லரும் காசெமோவும் வெளியிட்ட சோதனை போதும். கொழுப்புமூலக்கூறுகளால் ஆன நுண்குமிழிகளைச் சிலிக்கா பூசிய தகட்டின் மேல் விட்டார்கள். முதலில் அதிர்வெண் சரசரவென இறங்கியது, தேய்வு ஏறியது: நீர் நிரம்பிய குமிழிகள் முழுதாக வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு கட்டத்தில் அதிர்வெண் திரும்பி மேலேறத் தொடங்கியது, தேய்வு கீழே விழுந்தது. குமிழிகள் ஒன்றையொன்று நெருக்கி வெடித்து, உள்ளிருந்த நீரைக் கொட்டிவிட்டு, தட்டையான ஈரடுக்குச் சவ்வாகப் படிந்துவிட்டன. கடைசியில் அதிர்வெண் இறக்கம் சுமார் 26 ஹெர்ட்ஸில் நின்றது, தேய்வு அனேகமாகச் சூனியம். அதிர்வெண்ணை மட்டும் பார்த்தவர் எடை குறைந்தது, ஒட்டியது கழன்றுபோனது என்று எழுதியிருப்பார். தகட்டின் பரப்போ அடிப்படை அதிர்வெண்ணோ அங்கே மாறவில்லை. கூடியது ஒரு சாட்சி. அதனால் தெரிந்தது செல்சவ்வு உருவாகும் காட்சி.

சிறிதாக்கும் வழியைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. அதன் தரப்பை முழு பலத்தோடு சொல்லவேண்டும். 1986இல் பின்னிக், குவேட், கெர்பர் அணுவிசை நுண்ணோக்கியை அமைத்தபோது, ஒரு முனை பிடிக்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நிற்கும் நுண்பட்டை எல்லா ஆய்வகங்களுக்கும் கிடைக்கும் பொருளாக மாறியது. 1994இல் சூரிக்கிலும் ஓக் ரிட்ஜிலும் அதையே உணரியாக்கினார்கள். 2004இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் வாக்சினியா நச்சுயிரி ஒன்றைத் தனியாக எடைபோட்டு, சுமார் 9.5 ஃபெம்டோகிராம் என்றார்கள். கால்டெக்கில் மைக்கேல் ரௌக்ஸின் குழு 2006இல் 7 ஜெப்டோகிராமைத் தொட்டது. 2012இல் பார்சிலோனாவில் பாக்டோல்டின் குழு கார்பன் நானோகுழாய் ஒன்றில் 1.7 யோக்டோகிராம் பகுதிறனை எட்டியது. அது ஒரு புரோட்டானின் எடை. ஆதாரம் தெளிவாக இருக்கிறது, கருவியின் எடை குறைந்தால் ஒட்டும் எடையின் பங்கு கூடுகிறது, பின் எதற்கு இரண்டாவது சாட்சி என்று ஒருவர் கேட்கலாம்.

பதில் அந்தச் சோதனைகள் நடந்த இடத்திலேயே இருக்கிறது. நானோகுழாய் சோதனை உயர்வெற்றிடத்தில், சுழியத்துக்கு மேல் சில கெல்வின் குளிரில் நடந்தது. பர்டூவின் நச்சுயிரி காற்றில் உலர்த்தி எடைபோடப்பட்டது, 1972இன் தகடு போலவே. நுண்பட்டையைத் தண்ணீரில் போட்டால் அது தன்னைவிட அதிக நீரைச் சுமந்து அசைகிறது, அதிர்வு சில சுற்றுகளிலேயே அடங்கிவிடுகிறது, அதிர்வெண்ணின் கூர்முனை மழுங்கிப் பரந்த மேடாகிவிடுகிறது. சிறுமை இன்னொன்றையும் செய்கிறது: எடையோடு சேர்த்து மற்றவற்றின் குரலையும் பெருக்குகிறது. வெப்பம் ஒரு டிகிரி மாறினால் சிலிக்கான் பட்டையின் அதிர்வெண் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 30 பங்கு மாறும். அதிரும் எடை ஒரு பிகோகிராம் என்றால், இந்த மாற்றம் 60 ஆட்டோகிராம் ஒட்டியதற்குச் சமம். யாரும் வராமலே 240 எதிர்ப்பொருள் மூலக்கூறுகள் வந்துவிட்டதாகக் கருவி சொல்லும்.

ஐபிஎம்மின் சூரிக் ஆய்வகமும் பாசல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2000இல் செய்த சோதனை இதை நேராக எதிர்கொண்டது. அவர்கள் அதிர்வையே கைவிட்டு, மூலக்கூறுகள் பிணையும்போது பட்டை எவ்வளவு வளைகிறது என்று பார்த்தார்கள். வளைவு பத்து நானோமீட்டர் அளவு. வெப்பமும் நீரோட்டமும் அதைவிட அதிகம் வளைக்கக்கூடியவை. ஆகவே ஒரே அச்சில் வார்த்த இரண்டு பட்டைகளைப் பக்கம்பக்கமாக வைத்து, ஒன்றில் தேடும் டிஎன்ஏ இழையின் இணையையும் மற்றதில் வேறொன்றையும் பொருத்தி, வித்தியாசத்தை மட்டும் படித்தார்கள். பன்னிரண்டு எழுத்து நீளமுள்ள இழையில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பிரித்தறிய முடிந்தது. தனிப் பட்டையின் வளைவைத் தனியாகப் பார்த்தால் அந்த முடிவுக்கு வரமுடியாது. மறு ஆண்டு பெர்க்லியில் அருண் மஜும்தாரின் குழு இதே வளைவு முறையில், மற்ற இரத்தப் புரதங்களின் நடுவே பிஎஸ்ஏ என்னும் புராஸ்டேட் புரதத்தை மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் வரை கண்டறிந்தது. மருத்துவர்கள் எச்சரிக்கையாகக் கொள்ளும் அளவு 4 நானோகிராம்.

தண்ணீர்ப் பிரச்சினைக்கு மிக அழகான விடை எம்ஐடியில் ஸ்காட் மனாலிஸிடமிருந்து வந்தது. பட்டையைத் திரவத்துக்குள் வைப்பதற்குப் பதிலாகத் திரவத்தைப் பட்டைக்குள் வைத்தார். உள்ளே சில மைக்ரோமீட்டர் அகலத்தில் ஒரு கால்வாய், அதில் கரைசல் போய்த் திரும்புகிறது, வெளியே வெற்றிடம். 2007இல் வெளியான கட்டுரையில், கால்வாய் நிரம்பியிருக்கும்போதும் பட்டையின் அதிர்வு சுமார் 15,000 தரக்காரணியோடு கூர்மையாக நின்றது. சுவரில் ஒட்டும் புரதமும், ஓடிக் கடக்கும் தனி பாக்டீரியாவும் தனி நானோதுகளும் ஒரே கருவியில் எடைபோடப்பட்டன. இது என் வாதத்துக்குப் பொருந்தாத உதாரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: இங்கே இரண்டாவது அளவீடு எதுவும் இல்லை, வடிவமைப்பே தண்ணீரின் தேய்வைப் புறத்தே நிறுத்திவிட்டது. ஆனால் கருவி அளந்தது மிதப்பு எடையை மட்டுமே, அதாவது துகளின் எடையில் அது விலக்கிய நீரின் எடை போக மிஞ்சியதை. பெரிய இலேசான செல்லும் சிறிய அடர்ந்த செல்லும் அதில் ஒன்றுபோலத் தெரியும். 2011இல் அதே குழு ஒரே செல்லை அடர்த்தி வேறான இரண்டு திரவங்களில் அடுத்தடுத்து எடைபோட்டு, எடை, கனஅளவு, அடர்த்தி மூன்றையும் பிரித்தெடுத்தது. ஆர்க்கிமிடீஸின் முறைக்கும் கடைசியில் இரண்டாவது சாட்சி தேவைப்பட்டது.

ரௌக்ஸின் வேலையிலேயே திருப்பம் தெரிகிறது. 2009இல் அவரது குழு தனித்தனிப் புரதமூலக்கூறுகளை வெற்றிடத்தில் நானோபட்டையின் மேல் விழவைத்து, ஒவ்வொரு விழுகைக்கும் அதிர்வெண் துள்ளுவதைப் பதிவு செய்தது. உணர்திறன் போதுமானதாக இருந்தும் ஒரு மூலக்கூறின் எடையைச் சொல்ல முடியவில்லை. பட்டையின் நடுவில் விழுந்த சிறிய மூலக்கூறும் ஓரத்தில் விழுந்த பெரிய மூலக்கூறும் ஒரே துள்ளலைத் தந்தன. பல நூறு மூலக்கூறுகள் விழுந்த பிறகு புள்ளியியல் வழியாகவே எடையைக் கணிக்க வேண்டியிருந்தது. 2012இல் அதே குழு பட்டையை ஒரே நேரத்தில் இரண்டு அதிர்வு வகைகளில் துடிக்கவிட்டது. இரண்டு துள்ளல்களின் விகிதம் விழுந்த இடத்தைச் சொன்னது; இடம் தெரிந்ததும் எடை வந்துவிட்டது. ஒவ்வொரு மூலக்கூறும் விழுந்த கணத்திலேயே எடைபோடப்பட்டது. எடை ஏணியின் தலைசிறந்த தச்சர்களே அடுத்த படிக்கு இன்னும் சிறிய பட்டையைத் தேடாமல் இன்னொரு எண்ணைத் தேடிப் போனார்கள்.

இரத்தத்துக்குத் திரும்பினால் சிறுமையின் எல்லை இன்னும் கடுமையாகத் தெரியும். சீரத்தின் ஒரு மில்லிலிட்டரில் அல்புமின் மட்டும் 40 மில்லிகிராம் அளவு உண்டு. தேடும் பிஎஸ்ஏ 4 நானோகிராம். எடைக்கு எடை ஒரு கோடி மடங்கு வேறுபாடு. அல்புமினில் மிகச் சிறு பகுதி தவறி ஒட்டினாலும் தேடிய சைகை அதில் மூழ்கிப்போகும். இன்னொரு பக்கம், ஃபெம்டோமோலார் செறிவில் ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 600 மூலக்கூறுகள்தான் இருக்கும். அவை தாமாக அலைந்து திரிந்து உணரியை அடையவேண்டும். உணரி சிறிதானால் அதன் மேல் வந்து விழும் வாய்ப்பும் சிறிதாகும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஷீஹனும் விட்மனும் 2005இல் கணக்கிட்டுக் காட்டியது இதுதான்: மூலக்கூறுகளை வலிந்து கொண்டுவந்து சேர்க்காவிட்டால், நானோ அளவுள்ள உணரி ஃபெம்டோமோலார் செறிவில் பல மணி நேரமோ நாட்களோ காத்திருக்க வேண்டும். மாட்ரிட்டில் ஹாவியர் தமாயோவின் குழு 2014இல் வேறு வழியில் போனது. நுண்பட்டையில் முதல் எதிர்ப்பொருள் புரதத்தைப் பிடிக்கும். பிடிபட்ட புரதத்தின் மேல் தங்க நானோதுகளைச் சுமந்த இரண்டாவது எதிர்ப்பொருள் வந்து அமரும். தங்கத்தின் எடை அதிர்வெண்ணை இறக்குகிறது, அதே தங்கம் ஒளியைச் சிதறி மின்னுகிறது. இரண்டு குறிகளும் ஒத்தால்தான் புரதம் இருக்கிறது என்று கொள்வார்கள். சீரத்தில் அவர்கள் எட்டிய எல்லை மில்லிலிட்டருக்கு 0.1 ஃபெம்டோகிராம். 2000 வாக்கில் செய்யப்பட்ட பட்டைகளைவிட நுணுகிய பட்டை எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

எலைசா சோதனையும் ஒளிவழி உணரிகளும் ஏற்கெனவே மருத்துவமனைகளிலும் ஆய்வகங்களிலும் நன்றாக வேலை செய்கின்றனவே, இத்தனை பாடு எதற்கு என்பது நியாயமான கேள்வி. அறிந்த ஒரு புரதத்தின் அளவு மட்டும் வேண்டுமானால் எலைசா போதும். அதிர்வு உணரிகள் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை, பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவற்றின் சொந்த நிலம் வேறு. புற்றுச்செல் ஒன்று மருந்து பட்டதும் எடை கூடும் வேகத்தை மாற்றிக்கொள்கிறதா என்பதை மனாலிஸின் கால்வாய்ப் பட்டை செல்லைக் கொல்லாமல் சொல்கிறது. மின்னேற்றம் செய்து பறக்கவிட்டு எடை காணும் வழக்கமான நிறைமாலைமானிகள், பல கோடி டால்டன் எடையுள்ள நச்சுயிரிகளிடம் திணறுகின்றன. நானோபட்டைக்கு மின்னேற்றமே வேண்டாம்.

ஆனால் இத்தகைய நானோபட்டைகளைக் குறித்தே பிரான்சின் கிரெனோபிளில் செபாஸ்டியன் ஹென்ட்ஸும் கூட்டாளிகளும் 2016இல் ஒரு சங்கடமான முடிவை வெளியிட்டார்கள். அதுவரை அறிவிக்கப்பட்ட நானோ அதிர்விகளை வரிசைப்படுத்திப் பார்த்ததில், வெப்ப இயக்கம் விதிக்கும் இயற்பியல் எல்லையை அவற்றில் எதுவும் எட்டவில்லை. பெரும்பாலானவை அதிலிருந்து நூறு மடங்குக்கும் மேல் விலகி நின்றன. தங்கள் சொந்தச் சிலிக்கான் பட்டைகளில் தேடியபோது, வழக்கமாகக் குற்றஞ்சாட்டப்படும் இரைச்சல் மூலங்கள் எதனாலும் அந்த அதிர்வெண் தள்ளாட்டத்தை விளக்க முடியவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே வகைச் சிலிக்கான் பட்டைகளை இரண்டு அதிர்வு வகைகளில் துடிக்கவிட்டு, பாக்டீரியாவைத் தாக்கும் டி5 நச்சுயிரியின் டிஎன்ஏ நிரம்பிய உறையை மின்னேற்றாமல் எடைபோட்டார்கள். கிடைத்த எடை 10.5 கோடி டால்டன்.